ஆறு கட்டமும் சரி

வைரவநாதனுக்கு ஒரு காரியம் ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி பத்து நிமிஷம் பிந்தினால் போதும், டிரைவரை மறித்து, டயர் வெடித்ததா, பாலத்தில் நெரிசலா, பசியாறப் போய்விட்டாயா என்று துருவி எடுத்துவிடுவார். மலாய் நாட்டில், கோலசிலாங்கூரிலிருந்து பத்துக் கல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகள் அவருக்கு ‘ஏன் கிராணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். யார் வைத்தது, ஏன் வைத்தது என்று ஒரு வாரம் விசாரித்தும் பார்த்தார்.

அவருடைய அப்பா கந்தையாவும் கிராணியாக இருந்தவர்தான். 1966இல் ஓய்வுபெற்று, மகள் கமலாதேவிக்கு ஊரில் மாப்பிள்ளை பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பினார். மகனுக்கு அப்போதுதான் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்ததால் அவன் மட்டும் இங்கேயே நின்றுவிட்டான். பிறகு அப்பாவும் அம்மாவும் அத்தானும் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். அக்கா கமலாதேவியும் அவளுடைய இரண்டு மகன்களும்தான் அங்கே மிச்சம். மாதத்துக்கு ஒரு கடிதம் தவறாமல் வரும்.

1983 ஜூலைக்குப் பிறகு அந்தக் கடிதம் ஆறு வாரம் வரவில்லை. இலங்கையில் இனக்கலவரம் என்று ரேடியோ சொன்னது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஏன் அப்படி வெட்டிக்கொண்டார்கள்? பத்திரிகையை வெட்டி வைத்தார், கண்டவரிடமெல்லாம் கேட்டார், ஒருவர் பதிலும் அவருக்குப் போதவில்லை. கடைசியில் 1985இல், முப்பத்தொன்பது வயதில், பினாங்குப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகப் படிக்கச் சேர்ந்தார்.

வீட்டில் மனைவி சந்திரிகா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை, நாக்கில் எப்போதும் ஒரு சிட்டிகை உப்பு இருக்கும்.

“மற்ற ஆக்கள் கோலாலம்பூரில வீடு வாங்கீனம். நீங்கள் உலகத்துச் சண்டையெல்லாத்தையும் வாங்கி வீட்டுக்குள்ள அடுக்கிறியள்.”

லோரி டிரைவர் காளியண்ணனும் விடவில்லை. “சண்ட ஏன் வருதுன்னு படிக்க பினாங்கு வரைக்கும் போவணுமா கிராணி? சம்பளத்தன்னிக்கிக் கள்ளுக்கடப் பக்கம் வாங்க, நான் ஓசியிலயே காட்டுறேன் லா” என்றான்.

அவர் பாட்டுக்குப் புத்தகத்தைத் திறந்தார். ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர், பாடமெல்லாம் மலாயில். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். ஆனாலும் மூன்றாம் வருஷம் ஆயுதப் போர்களின் காரணங்களையும் தீர்வையும் பற்றிய பாடம் வந்தபோது ஆளே மாறிப்போனார். போர் வருவதற்குக் காரணம் இருப்பதுபோல அது முடிவதற்கும் காரணம் இருக்கிறதாம்! இத்தனை நாள் ஒருவரும் இதைத் தனக்குச் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

கிராணி புத்தி எங்கே போகும்? ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோல் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப்போட்டு ஆறு கட்டம் கீறினார். இரு பக்கமும் களைத்துவிட்டதா, பெரிய நாடு ஒன்று நடுவில் வந்து நிற்கிறதா, கையெழுத்து விழுந்ததா, ஆயுதம் கீழே வைக்கப்பட்டதா, அப்படி ஆறு கேள்வி. பழைய போர்கள் ஐந்தை எடுத்து அதில் போட்டுப் பார்த்தார். ஆறு கட்டமும் நிரம்பிய இடத்தில் போர் நின்றிருந்தது, நிரம்பாத இடத்தில் நிற்கவில்லை. அன்றைக்கு ஆபீஸில் அவர் மேனேஜரையே இரண்டு முறை தோளில் தட்டிவிட்டார்.

1987 ஜூலைக் கடைசியில் இலங்கைச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு வாரம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது.

“தம்பி, மூத்தவன் பசுபதிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வருகிற செப்டம்பர் நாலாம் திகதி ஏஜென்ட் ஒருவர் ஜெர்மனிக்குப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். பக்கத்து வீட்டுப் பெடியனும் போகிறான். வடக்குக் காணியை விற்றால் எங்கட பிள்ளையையும் அனுப்பலாம். ஆனால் இங்கே எல்லாரும் சமாதானம் வந்துவிட்டது என்று வெடி கொளுத்துகிறார்கள். அனுப்பவா, வைத்திருக்கவா? நீ இதைத்தானே படிக்கிறாய். நீ சொல்கிறபடி செய்கிறேன்.”

சந்திரிகா கடிதத்தை ஒருமுறைதான் வாசித்தாள்.

“அனுப்பச் சொல்லுங்கோ. உது பிழைச்சா ஒரு காணி போகும், அவ்வளவுதானே. வச்சிருக்கச் சொல்லிப் பிழைச்சா?”

“நீர் பயத்தில கதைக்கிறீர். இது பயத்தில முடிவெடுக்கிற விஷயமில்லை.”

“பின்ன எதில எடுக்கிறது? செக்ரோலிலயோ?”

அவருக்குச் சுரீரென்றது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சுங்கை பஞ்சாங் வயல்வெளி வரைக்கும் போய், வண்டியை விட்டு இறங்காமலே திரும்பி வந்தார். மறுநாளும் அப்படித்தான். காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிடும்போது ஒரே ஆளை இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

முதல் மூன்று கட்டத்திலும் பேனா ஓடியது. ஆயுதக் கட்டத்தில் கை நின்றது. இயக்கத்தார் கொஞ்சம் ஒப்படைத்தார்கள் என்று ஒரு செய்தி, முக்கால்வாசி ஒளித்து வைத்தார்கள் என்று இன்னொரு செய்தி. இதே சந்தேகத்தோடு காளியண்ணன் வந்து நின்றிருந்தால் அவனை அவர் ஒரு மணி நேரம் குடைந்திருப்பார். தன்னை அவர் குடையவில்லை. அந்தக் கட்டமும் சரியாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே சரி போட்டார். மற்ற இரண்டும் தானாக விழுந்தன.

“அக்கா, பிள்ளையை வைத்திரு. காணியை விற்காதே. சமாதானம் உறுதி” என்று எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையிலும் அதே ஆறு கட்டத்தைத்தான் போட்டிருந்தார். இரண்டு உறையையும் ஒரே நாளில் கோலசிலாங்கூர் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வருகிற வழியில் மீன் வாங்கி வந்தார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் யாழ்ப்பாணத்தில் மறுபடியும் சண்டை மூண்டது, நடுவில் வந்து நின்ற பெரிய நாட்டின் படையோடேயே. அந்த வாரமே கட்டுரை திரும்பி வந்தது. முதல் தரம் போட்டு, தெளிவான ஆய்வு, நம்பத்தக்க முடிவு என்று மலாயில் எழுதியிருந்தார்கள். அவர் அதை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாகக் கிழித்தார். கிழித்ததால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துத் தபால் நின்றது. போன் போகவில்லை. அவர் நம்பி வாசித்துவந்த ஆங்கிலப் பத்திரிகையும் அந்த மாதக் கடைசியில் இங்கத்து அரசாங்க உத்தரவால் மூடப்பட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் தபால் நிலையத்துக்கு ஓடினார். அங்கேயிருந்த மலாய்க்காரப் பெண் அவரைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிக்கப் பழகிவிட்டாள். லோரி பிந்தி வந்தாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காளியண்ணன் தானாகவே வந்து, “டயரு வெடிச்சிருச்சு கிராணி” என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜனவரியில் கடிதம் வந்தது. கோயிலில் அகதியாக இருந்தபோது, வீட்டிலிருந்து அரிசி எடுத்துவரப் போன பசுபதி ஷெல் விழுந்து செத்துப்போனான். எந்தப் பக்கத்து ஷெல் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஜெர்மனியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான். எல்லாவற்றையும் அக்கா நாலு வரியில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, “நீ படித்தவன், தெரிந்துதான் சொல்லியிருப்பாய். எங்கட விதி. இனிச் சின்னவனை என்ன செய்யட்டும்? அவனுக்கும் பதினாறு ஆகப் போகிறது. புத்தகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை எழுது” என்று இருந்தது.

வைரவநாதன் வாய்விட்டு அழுதார். அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சந்திரிகா பேனாவையும் தாளையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். “இங்கே அனுப்பு” என்று மட்டும் எழுதினார். காரணம் எழுதவில்லை.

மார்ச்சில் சின்னவன் சுபாங் விமான நிலையத்தில் வந்திறங்கினான். மெலிந்த பையன். அண்ணனுடையதாக இருக்க வேண்டும், தோளில் நிற்காத பெரிய சட்டை. காளியண்ணன் யாரிடமோ கார் இரவல் வாங்கி ஓட்டி வந்திருந்தான். கார் சுங்கை பூலோவைத் தாண்டியது. பையன் செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“மாமா” என்றான், திரும்பாமலே. “அண்ணாவை ஏன் நிக்கச் சொன்னீங்கள்?”

மூன்று வருஷமாகப் படித்த காரணங்கள் எத்தனையோ.

“எனக்குத் தெரியேல்ல, அப்பன். தெரியாமத்தான் சொன்னனான்.”

பையன் இப்போது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

“நீங்கள் அப்படி எழுதேல்லயே, மாமா” என்றான். “உறுதி எண்டெல்லோ எழுதினீங்கள்.”