சுவரில் மாட்டிய பால்வீதி

புற்றுநோய் இருக்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பது ஈப்போ மருத்துவமனையில் தினேஸ்வரிக்குப் பிடித்த வேலை. ஊசி போட்டபின் பேசாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் தொணதொணப்பவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. சித்தியவானிலிருந்து வந்த லாரிக்காரர் பத்துமலை அப்படிப்பட்டவர். சுவரில் அவள் ஆசையாக மாட்டியிருந்த, கறுப்பில் நடுவே மட்டும் தகதகத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம்லா, நடு வயித்துல இப்படி எரியுது. ஆளு இன்னும் உயிரோட இருக்காரா?”

“அது ஆளு இல்லண்ணே, நம்ம பால்வீதி. பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழியிறப்ப வர்ற காமா கதிர வச்சு வரைஞ்சது. உங்களுக்குப் போட்ட ஊசி மருந்துலேருந்தும் பாசிட்ரான் வந்து உள்ள அதேதான் செய்யுது. பேசாம படுங்க.”

படுத்தவர் தலையைத் திருப்பி மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அதுக்கு யாரும்மா ஊசி போட்டது?”

அதட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். “அதத்தான் அண்ணே, விஞ்ஞானிங்களும் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”