பெரியம்மாவுக்கு ஒரு பெயரடை

பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் லத்தீன் படித்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தவன் நான். அதை வீட்டில் யாரும் குத்திக்காட்டியதில்லை. லத்தீன் எங்கே தென்பட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆவடியில் அது அடிக்கடி தென்படுவதில்லை.

பெரியம்மா இறந்தபோது கல்லறைக்கு லத்தீனில் ஒரு வார்த்தை கேட்டார்கள். 'பியுஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். பக்தியுள்ள என்று அர்த்தம்.

அக்கா சிரித்துவிட்டாள். "கிறிஸ்துமஸ் பூசைக்கே லேட்டா வரும். அதுக்கு பக்தியா?"

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே நிச்சயமில்லை. ஆனால் பழைய ரோமர்களிடம் அது முழங்கால் போடுவதைக் குறிக்கவில்லை, தெய்வத்துக்கும் குடும்பத்துக்கும் செய்யவேண்டியதைச் செய்பவரைக் குறித்தது என்றேன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து, தான் கல்யாணம் செய்துகொள்ளாமல், என் அம்மா உட்பட மூன்று தங்கைகளைக் கரையேற்றியவர் பெரியம்மா. அக்கா சிரிப்பதை நிறுத்தினாள்.

குமணன்சாவடியில் கல் வெட்டும் பாயிடம் கொடுத்தோம். பழக்கமில்லாத வார்த்தை என்று லத்தீனை முதலில் வெட்டி முடித்தவர், பெயரை வெட்டுமுன் என்னை வரச் சொன்னார்.

"இந்த வார்த்தை இன்னா சார், பேரா?"

"இல்ல பாய், குணத்தைச் சொல்றது."

"எங்க அரபில நல்லவர்னா சாலிஹ், பொம்பளைன்னா சாலிஹா. லத்தீன்ல அப்டி கெடயாதா?"

இருந்தது. பெயரடை தன் பெயர்ச்சொல்லோடு பாலிலும் எண்ணிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போக வேண்டும் என்பது ஆரம்பப் பாடம். பெண்ணுக்கு 'பியா'. அகராதி ஆண்பாலை முதலில் போடும். நான் அதைப் பார்த்து எழுதியிருந்தேன். தமிழில் 'நல்ல' எல்லோருக்கும் பொது, அதனால் மறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பாயும் தமிழர்தான்.

"வெட்றதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

"படிச்சவங்க எழுதினது சார்."

கருங்கல்லில் அழிக்க முடியாது. பாய் கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் பெரியம்மாவின் பெயரையும் 'பியா'வையும் வெட்டினார். தலைமாட்டில் நட்டபோது, 'பியுஸ்' மட்டும் இருந்த பழைய பக்கம் பின்வரிசைப் பாதையைப் பார்த்து நின்றது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குப் போனபோது கல்லுக்குப் பின்னால் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் சாமந்திப் பூ வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜனங்களில் ஆண்களுக்கு வைக்கும் பெயர்தான் பியுஸ்.

"இந்த அண்ணனுக்கு யாருமே வரல போலக்கீது," என்றார். "பாவமா இருந்துச்சு."

இலக்கணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திவிட்டு, தன்னிடமிருந்த இன்னொரு மெழுகுவர்த்தியை அவரிடம் நீட்டினாள்.