எல்லோருக்கும் ஒரே ஓம்

திருகோணமலையில் எங்கள் பலகைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் சிலர், "கடல் எடுத்த பொடியள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வரும். போன இருவரில் கடல் எடுத்தது ஒருவனைத்தான். அவன் என் தம்பி. மற்றவனை எடுத்தது நெருப்புக் காய்ச்சல். இருவருக்கும் கலியாணப் பேச்சுக்கூடத் தொடங்கவில்லை. எப்படிப் போனார்கள் என்பதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது சாமான் அடைத்த மரப்பெட்டிகள் நிறைய மிஞ்சின. அந்தப் பலகைகளை வாங்கி, முனையை வளைவாக இழைத்து, மெழுகுதிரி தேய்த்து வைத்திருப்பார்கள். வாடைக் காற்றில் கோட்டைப் பக்கத்துக் கடல் எழும்பும்போது, அதன்மேல் குப்புறப் படுத்து அலையோடு கரைக்குச் சறுக்கி வருவார்கள். "வேலைவெட்டி இல்லாததுகள்" என்று சனம் சொன்னது. ஒருவன் தபால் கந்தோரில் இருந்தான், ஒருவன் பேக்கரியில், ஒருவன் திரியாயில் வயல் செய்தான். என் தம்பிக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. எல்லோருக்கும் வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, அவ்வளவுதான்.

ஒருவன் எப்போதும் கரையில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம். அநேகமாக நிற்பவன் மூதூர்க்காரன். அவனுடைய வாப்பாவுக்குப் பட்டினத்தில் துணிக்கடை. கடைவாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல், காற்றையும் தாண்டிக் கேட்கும். பலகை தனியாக மிதந்தால், "இருக்கிறியோ?" என்று கத்துவான். விழுந்தவன் தலையைத் தூக்கி, "ஓம்" என்பான். வேறென்ன சொல்வான்? எங்கள் ஊரில் ஆமாம், சரி, இருக்கிறேன் எல்லாவற்றுக்கும் ஓம்தான்.

அந்த மார்கழி ஞாயிறு என் தம்பியும் தபால்காரனும் ஒரே அலையில் விழுந்தார்கள். கரையிலிருந்தவன் கூப்பிட்டான். நுரைக்குள்ளிருந்து "ஓம்" என்று வந்தது. அது தபால்காரன் சொன்ன ஓம். மூதூர்க்காரன் அதை என் தம்பியின் ஓமாகக் கேட்டான். தபால்காரனின் தலை ஏற்கெனவே அவன் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று எண்ணி, ஒதுங்கிய பலகையை இழுத்துப் போடக் குனிந்தான். தேடத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டது. நான் அப்போது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

எங்களைப் பெற்ற ஐயா தம்பியின் பலகையைக் கோடாலியால் பிளந்து அடுப்புக்குப் போட்டார். நான் தடுக்கவில்லை. அழுவதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மூதூர்க்காரன் அதன்பின் பட்டினத்துக்கே வரவில்லை. ஊரோடு அடைந்து கிடக்கிறான், சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை என்றார்கள். எனக்குப் பயம் பிடித்தது. தம்பியைத் திருப்பிக் கொண்டுவர என்னால் ஏலாது. இவனையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த வாடை வருமுன், குடாவைக் கடக்கும் லோஞ்சு ஏறி மூதூருக்குப் போனேன்.

அவனுடைய உம்மா என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, "கடல் பக்கத்து யன்னலையே திறக்க விடுறான் இல்லை, மகள்" என்றார்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு ஓம் எண்டு கேட்டது, அக்கா. அவன்ட குரல் எண்டுதான் நினைச்சன்."

"ஆர் நிண்டிருந்தாலும் அப்பிடித்தான் கேட்டிருக்கும். ரெண்டு பேர் விழுந்தாங்கள், சொல் ஒண்டு. பிழை உன்ர காதில இல்லை."

"நான் இனி அங்க நிக்க மாட்டன்."

"அப்ப நான் நிக்கிறன்."

"நீங்க பொம்பிளை, அக்கா. சனம் சும்மா விடாது."

"அப்ப நீ வா."

அவன் வந்தான். உடனே இல்லை, என்னை இன்னும் இரண்டு தடவை லோஞ்சில் அலைய வைத்துவிட்டுத்தான் வந்தான். ஆளுக்கொரு சொல் என்று அன்றே தீர்மானமாயிற்று. யாரும் ஓம் சொல்லக் கூடாது. திரியாய்க்காரன் "திரியாய்" என்றான். தபால்காரன் "தபால்." பேக்கரிக்காரன் எப்போதும் பசியில் இருப்பவன், "இடியப்பம்" என்று வைத்தான். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அலை வாயை அடைத்துவிடுவதால் அது "இடி" ஆகிப் போனது. கரையில் ஆள் விழிப்பாக நிற்கிறதா என்று அவர்களும் கடலிலிருந்து கேட்பார்கள்: "கரையில ஆர்?" மூதூர்க்காரன், "கரை" என்பான். அதுவே அவனுடைய சொல். அதற்குப் பிறகு அவன் நின்ற காலம் முழுவதும் ஒருவனையும் கடலுக்குக் கொடுக்கவில்லை. இதை நான் எங்கேயும் எழுந்து நின்று சொல்வேன்.

சில வருடங்களில் நெருப்புக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. கட்டிலில், உம்மாவின் கைக்குள் போனான். கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த வாடையில் பலகைகள் வீடுகளிலேயே கிடந்தன. கரைக்கு ஆளில்லை என்றார்கள். இத்தனை பாடுபட்டது இதற்கா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை இறங்கச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் நின்ற இடத்தில் நின்றேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

"கரையில ஆர்?" என்று தபால்காரன் அலைக்கு அப்பாலிருந்து கத்தினான்.

"கரை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒருவன் இருந்தான். "அக்கா" என்று கூவினேன்.

தம்பி போன பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட ஆளில்லை. அன்று விழுந்து எழும்பிய ஒவ்வொருவனும் தன் சொல்லோடு அதையும் சேர்த்துச் சொன்னான்.

"திரியாய், அக்கா."

"இடி, அக்கா."