வரப்பு வரைக்கும் வந்த அதிகாரம்

முப்பத்திரண்டு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தினேன். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். ஒன்று டெல்லிக்கு, ஒன்று மாநிலத்துக்கு, மூன்றாவது இருவருக்கும் பொது. மாநிலத்தின் கட்டத்திலிருந்து எதெல்லாம் பொதுக் கட்டத்துக்கு இழுக்கப்பட்டது, பொதுக் கட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஏறிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். டெல்லி என்றாலே எனக்கு ரத்தம் கொதிக்கும் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த விஷயம்.

எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமான கொதிப்பு இல்லை. வலங்கைமானுக்கும் குடவாசலுக்கும் நடுவில் நெல் போடுகிறவனுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதை எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாரோதான் முடிவு செய்கிறார்கள். வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாங்கள் டிவியைப் பார்க்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. அதனால் ஓய்வு பெற்ற பிறகு தஞ்சாவூரில் மாநில உரிமை என்று எங்கே கூட்டம் போட்டாலும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிடாமலே போகிற ஆள்தான். டெல்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து கிராமத்துக்கு, அதிகாரம் இறங்கி வர வேண்டும் என்று பேசுவேன். கைதட்டுவார்கள். சந்தோஷமாக இருக்கும்.

அந்த அதிகாரம் ஒருநாள் நிஜமாகவே இறங்கி, என் வயல் வரப்பு வரைக்கும் வந்தது. அன்றைக்கு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பட்டியல் வகுப்புப் பெண்களுக்கு என்று வந்தது. காலனித் தெருவிலிருந்து ஒரு பெண் நின்று ஜெயித்தார். எங்கள் வயலில் நடவு நட்டவர். நான் ஒரு வார்டில் போட்டியில்லாமல் வந்து துணைத் தலைவர் ஆனேன். ஊராட்சிச் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், தலைவருக்கு என்ன அதிகாரம், கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்று பத்து நாள் பாடம் நடத்தினேன். அவரும் நோட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டார். மேடையில் ‘தலைவர் அவர்களே’ என்பேன், கீழே இறங்கினால் ‘ஏம்மா, வாம்மா, நீ சொல்லும்மா’ என்பேன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலனித் தெருவிலிருந்து அவர்களுடைய சுடுகாட்டுக்கு வாய்க்கால் கரைதான் வழி. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் எங்கள் வயல்கள். சர்வே வரைபடத்தில் அந்தக் கரை ஒன்பதடி, ஊராட்சிப் பாதை. தரையில் இரண்டடிதான் இருந்தது. மீதி ஏழடி எங்கே போனது என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, எங்கள் வயலுக்குள்தான் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் ஒரே நாளில் பாதையைப் பிடுங்க மாட்டார்கள். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் சீவி, புல்லைக் கழித்துச் சேறு பூசுவோம். அண்டை வெட்டுவது என்று பெயர். அப்படி வெட்டும்போது பாதை இருக்கிற பக்கம் மட்டும் நாலு விரல் தள்ளி வெட்டுவது. வருஷத்துக்கு நாலு விரல். யார் கண்ணிலும் படாது, யார் மனசிலும் உறைக்காது. அப்பா காலத்தை விட எங்கள் கரையோர வயலுக்கு நாற்று இரண்டு கட்டு கூடுதலாகப் பிடித்தது. மண் நல்ல மண் என்று சொல்லிக்கொண்டோம்.

எங்கள் வயலில் அண்டை வெட்டியவர் தலைவரின் மாமனார். என் அப்பா வயசு அவருக்கு. அப்பா போன பிறகு முதல் வருஷம், பாதைப் பக்கம் வந்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு கேட்டார்.

“இந்தப் பக்கம் எப்படி வெட்டணுங்க?”

“எப்பவும் போலத்தான். நாலு விரல் தள்ளி வெட்டேன்” என்றேன்.

எனக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். அன்று காலையில்தான் வகுப்பில் உரிமைகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தேன். அவர் ஒரு நிமிஷம் கரையைப் பார்த்தார், பிறகு குனிந்து வெட்டினார். அடுத்த வருஷத்திலிருந்து கேட்கவில்லை.

மே தின கிராம சபையில் தலைவர் எழுந்து பாதை விஷயத்தைப் பேசினார். வயல் காய்ந்து கிடந்த நேரம். மண்ணடிக்க அதுதான் தோது.

“வாய்க்கா கரைப் பாதை வரைபடத்துல ஒம்பதடி இருக்கு. இப்ப ரெண்டடிகூட இல்ல. பாடையத் தூக்கிட்டு நாலு பேரு போக முடியல. நடவுக்கு முன்னாடி அளந்து கல்லு நட்டு மண்ணடிச்சுப் போட்டுடணும். இதுக்கு நாம யாரையும் கேக்க வேணாம், ஊராட்சிக்கே அதிகாரம் இருக்குன்னு சார்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார். பந்தலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பெரியப்பா மகன், எனக்கு அடுத்த வயல்காரர், தொண்டையைக் கனைத்தார். அவர் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நல்ல தமிழ் எழுதுவேன் என்பதால் தீர்மானங்களை நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஊராட்சிச் செயலர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன். ஒரு வார்த்தை அடிக்கவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. ‘வாய்க்கால் கரைப் பாதை குறித்த கோரிக்கையை மாவட்ட நிர்வாகத்தின் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் அனுப்பி வைக்க இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’ கணீரென்று வாசித்தும் காட்டினேன். கைதட்டினார்கள். என் பெரியப்பா மகன் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் கிட்டே வந்தார்.

“கலெக்டர் ஆபீசுக்குப் போனா இன்னும் பலமா இருக்குமா சார்?”

“இருக்கும்மா” என்றேன்.

“சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாசம் தஞ்சாவூரில் கூட்டம். அதிகாரப் பகிர்வு என்பதுதான் தலைப்பு. தலைவரையும் என் காரில் அழைத்துப் போனேன். எங்கள் ஊர்த் தலைவர் இவர்தான் என்று அரங்கத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது, வாங்கி வந்த பொருளைக் காட்டுகிற மாதிரி காட்டினேன். பிறகு பேசினேன். அன்று நன்றாகவே பேசினேன். சட்டசபை ஒரு தீர்மானம் போடும், அது மேலே போகும், மேலே போனது மேலேயே உட்கார்ந்திருக்கும் என்றேன். “பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னால் என்ன அர்த்தம் தெரியுமா? இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லை, ஆமாம் என்று சொல்ல மனசு இல்லை!” என்று கையை ஓங்கினேன். அரங்கம் அதிர்ந்தது.

முன்வரிசையில் தலைவர் மட்டும் கைதட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது வலங்கைமான் தாண்டுகிற வரைக்கும் அன்றைய கைதட்டலைப் பற்றியே நான் பேசிக்கொண்டு வந்தேன். பிறகு அவர் கேட்டார்.

“சார், நம்ம பாதையையும் மேலதான அனுப்பியிருக்கோம்?”

“அது வேற, இது வேறம்மா.”

எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருப்பேன், அந்த அளவுக்கு வாய் இருக்கிறது எனக்கு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கங்கே நாற்றங்கால் பச்சையாகத் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. சேறடித்து நடவு போட்டுவிட்டால் தை மாசம் வரை பாதையைப் பற்றி யாரும் பேச முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த மாசம் என் வயலில் நடவு நடந்தது. பாதை ஓரம் வரைக்கும் நட்டார்கள்.

கார்த்திகையில் அவர் மாமனார் இறந்துபோனார். நான்கு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் ஓய்ந்திருந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெல் பொதி கட்டியிருந்தது, இன்னும் ஒரு வாரத்தில் கதிர் வெளியே வந்துவிடும். ஒரு மாலை வாங்கிக்கொண்டு ரோட்டில் நின்றேன். என் பெரியப்பா மகனும் பக்கத்தில் நின்றார்.

பாடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். இரண்டடிக் கரையும் மழையில் கரைந்து சேறாகக் கிடந்தது. வயல் ஓரமாக இறங்கி நடந்தால் சிரமமில்லாமல் போய்விடலாம். அவர்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். இடுப்புக்கு மேலே தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் வழுக்கினால் இன்னொருத்தர் தாங்கி, அந்தக் கரை நீளத்துக்கும் தண்ணீருக்குள்ளேயே நடந்தார்கள். தலைவர் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வயலில் ஒரு பயிர்கூட மிதிபடவில்லை.

“பரவால்ல, பயிருல கால் வைக்காமப் போயிட்டானுங்க” என்றார் என் பெரியப்பா மகன்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதுதான் நடந்தது. நாலு விரல் தள்ளி வெட்டச் சொன்ன இடத்தில், வெட்டிய மனிதரையே கொண்டுபோக வழியில்லாமல் தண்ணீரில் மிதக்கிற மாதிரி கொண்டுபோனார்கள். என் கையில் மாலை இருந்தது. அதைப் போடக்கூட நான் வாய்க்காலில் இறங்கவில்லை.

மார்கழி கடைசியில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம், மேலேயிருந்து வந்த பதில். ஒன்றிய அலுவலகம், அந்த அலுவலகம், இந்த அலுவலகம் என்று முத்திரைகள் வாங்கிக்கொண்டு வந்திருந்தது.

“உக்காருங்க” என்றேன். அவரை ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான் முதல்.

அவர் உட்காரவில்லை. “நீங்களே படிங்க சார்” என்றார்.

படித்தேன். ‘மேற்படி பாதை ஊராட்சியின் பொறுப்பில் உள்ளதால், ஊராட்சியே உரிய தீர்மானம் நிறைவேற்றி நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது.’

மே மாசத்தில் அவர் சொன்னதும் இதைத்தான். அதைக் கேட்டு வர எட்டு மாசம் ஆகியிருந்தது. காகிதத்தை மடித்தேன், மறுபடியும் பிரித்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நாளைக்கே ஆள் விட்டு என் வயல்ல அந்த ஏழடிய அறுத்துடுறேன். இன்னும் முத்தாத கதிரா இருந்தாலும் பரவால்ல. எவ்வளவு வேணுமோ விட்டுடுறேன்.”

“வேணாம் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நீங்களா விட்டா அது நீங்க குடுத்ததா ஆயிடும். உங்களுக்கு அப்பறம் யாராச்சும் திருப்பிக் கேப்பாங்க. எங்களுக்குக் குடுக்க வேணாம். தீர்மானம்தான் வேணும்.”

தஞ்சாவூர் மேடையில் நான் எத்தனையோ முறை சொன்னதுதான் அது. நாங்கள் கேட்பது சலுகை இல்லை, உரிமை என்று. என் கூடத்தில் நின்று அவர் அதை எனக்கே சொன்னார்.

குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. தீர்மான நோட்டைச் செயலர் வழக்கம்போல என் பக்கம் நகர்த்தினார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

“சார் எழுத வேணாம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க” என்றார் தலைவர், செயலரிடம்.

நோட்டு என் முன்னாலிருந்து நகர்ந்து போனது. அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மேலான என்று இல்லை, பணிவுடன் என்று இல்லை. ஊராட்சிப் பாதை ஒன்பதடி. அறுவடை முடிந்ததும் அளந்து கல் நட்டு மண்ணடிக்கப்படும். பாதையைச் சேர்த்து உழுதவர்கள் பின்வருமாறு. அந்த இடத்தில் செயலரின் பேனா நின்றது. முதல் பெயர் என்னுடையது. செயலர் என்னைப் பார்த்தார்.

“எழுதுங்க” என்றார் தலைவர்.

எழுதினார். பிறகு வாசித்தார். என் பெயரை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

“யாரு வழிமொழியுறீங்க?” என்று கேட்டார் தலைவர்.

என் பெரியப்பா மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்தார். சும்மா போகிறபோக்கில் பார்க்கவில்லை, காத்திருந்தார். கை தூக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன், வீட்டில் கண்ணாடி முன்னால் அதற்கு இரண்டு வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். கை மடியிலேயே கிடந்தது. அதற்குள் பின்னாலிருந்து காலனித் தெருப் பெண் ஒருத்தர் எழுந்து, “நான் வழிமொழியுறேன்” என்றார்.

நோட்டு என்னிடம் கையெழுத்துக்கு மட்டும் வந்தது. என் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.