காலர் கிரேன் ஏறிய கதை

மார்ச் மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு அவர்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நேரம் மறக்காததற்குக் காரணம், எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டியவள் எட்டேகாலுக்கு வந்ததுதான். சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. வரிசையில் எல்லா இயந்திரங்களும் இரைந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் ஆளில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசைக்குச் சூப்பர்வைசராக இருந்த பெண்மணி, கழுத்தில் அளவு நாடாவும் காதில் பென்சிலுமாக வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஸ் லேட்டுக்கா" என்றாள் மூச்சிரைக்க வந்தவள்.

"அப்படியா? நாளைக்கு அந்த பஸ்ஸையும் கூடவே கூட்டிட்டு வா. ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய நிக்க வைக்கிறேன்."

வரிசை முழுவதும் சிரித்தது. புதியவளும் சேர்ந்து சிரித்தாள். திட்டு வாங்குகிறவளே சிரிப்பதைச் சூப்பர்வைசர் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் கோபத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு ஒருபோதும் கொடுக்காத வேலையை அவள் தலையில் கட்டினார். சட்டையில் காலர் பொருத்தும் வேலை. வளைந்த துணியையும் நேரான துணியையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சற்றே பிசகினாலும் சட்டையைப் போட்டவன் கழுத்து சுளுக்கியவனைப் போலத் தெரிவான். மதியத்துக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்த சூப்பர்வைசருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மாலையில் அவள் தைத்த காலர்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லக்கா. துணியைப் பிடிச்சு இழுத்தா அது கோவிச்சுக்குது. அது போற போக்குல நானும் கூடவே போனேன். வந்துடுச்சு."

அன்றிலிருந்து அவள் பெயர் காலர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

சூப்பர்வைசருடைய தம்பி டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. அவன் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் தொழிற்சாலை வாசலில் நிற்கத் தொடங்கினான். அக்கா தம் சாப்பாட்டைக் காலையிலேயே கையோடு எடுத்து வருகிறவர் என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் காலருக்கும் கல்யாணம் முடிந்து நாத்தனார் முறையாகிவிட்ட பிறகும் காலர் அவரை 'அக்கா' என்றே அழைத்தாள். மனம் கோணினால் மட்டும் 'சூப்பர்வைசர்' என்பாள்.

பிறகு ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, பிறந்த வீட்டுச் சாமான்கள் போவதைப் பார்ப்பதுபோல் எல்லோரும் தெருவில் நின்றார்கள். சூப்பர்வைசர் சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. கடைத்தெருவில் ஓர் அறையைப் பிடித்தார். ஒரு பெயின்டரை அழைத்து, நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் 'சூப்பர்வைசர் தையலகம்' என்று எழுத வைத்தார். பறிபோன பதவியைத் தாமே எடுத்துச் சூடிக்கொண்டதுபோல இருந்தது. அந்தப் பலகையை அவர் தினமும் ஈரத்துணியால் துடைத்தார்.

காலரும் அங்கே வந்து தைத்தாள். சில மாதங்களிலேயே ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கடையில் ஒருவர் முழுவயிறு சாப்பிடலாம், இருவர் அரைவயிறு சாப்பிடலாம். காரணத்தைச் சொல்லாமல் நின்றுகொண்டாள். நன்றி கெட்டவள் என்று சூப்பர்வைசர் மனத்துக்குள் முடிவு கட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவன் அப்படியே சுவரில் சாய்ந்தான். வலக்கையும் வலக்காலும் சொல் பேச்சு கேட்க மறுத்தன. நாக்கும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. வீட்டுப் பாரம் முழுவதும் காலர் தோளில் இறங்கியது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள்; நீராவி முழங்கையைச் சுட்டுத் தழும்பாக்கியது. செல்போன் கடையில் உறை விற்றாள். அதன்பின் பல மாடிக் கட்டடம் ஒன்றின் வேலைத்தளத்தில், ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் சேர்ந்தாள். எந்த வேலையிலும் முதல் வாரம் திருதிருவென்று விழிப்பாள். மாதம் திரும்புவதற்குள் அவள் இல்லாவிட்டால் அங்கே கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

கட்டடம் முடிந்தால் ஸ்டோரும் முடியும் என்பது அவளுக்குத் தெரியும். கிரேன் மட்டும் ஒரு கட்டடம் முடிந்ததும் அடுத்ததற்குப் போகும். அதை ஓட்டுகிறவரும் கூடவே போவார். தங்கள் ஆட்களிலேயே சிலருக்கு டவர் கிரேன் பயிற்சி தரப்போவதாக நிர்வாகம் அறிவித்ததும், வரிசையில் முதலாவதாகப் போய் நின்றாள். அன்று மாலையே சூப்பர்வைசர் கடைக்கு வந்தாள். அங்கே ஒரு டீச்சர் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கிரேனா? பரண்ல இருந்து ஒரு பாத்திரம் எடுக்கவே என் தம்பியைக் கூப்பிடுறவ நீ."

"ஸ்டூல் ஆடும்க்கா. கிரேன் ஆடாது."

"ஆடாதுன்னு யாரு சொன்னா? காத்துல ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வேலை? பேசாம இங்க வந்து மெஷின்ல உக்காரு. உன் கை ஊசிக்குன்னு பொறந்த கை."

"நான் கேட்டுட்டுப் போக வரலக்கா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. டீச்சர் முன்னால் வேறு. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேசைமேல் போட்டார்.

"சரி. நீ அந்த லைசென்ஸை வாங்கிட்டு வந்து நில்லு. வெளிய பலகையில என் பேரை அழிச்சுட்டு உன் பேரை எழுதறேன். 'காலர் தையலகம்'னு. கடை என்னுது, பேரு உன்னுது. போதுமா?"

"வார்த்தை மாற மாட்டீங்களே, சூப்பர்வைசர்?"

"டீச்சர், நீங்கதான் சாட்சி" என்றார் சூப்பர்வைசர். கையைத் தூக்கியபடி நின்றிருந்த டீச்சர், "முதல்ல இடுப்பளவை எடுங்கம்மா, கை வலிக்குது" என்றார்.

பயிற்சி கொடுத்தவன் அவளைவிடப் பல வயது இளையவன். அவனைத் 'தம்பி' என்றால் மரியாதை குறையும், 'சார்' என்றால் வாய் கூசும். காலர் இரண்டையும் தைத்துத் 'தம்பி சார்' ஆக்கினாள். வகுப்பே அவனை அப்படி அழைக்கத் தொடங்கியது. பயிற்சிக் கிரேனின் கூண்டில் இரண்டு நெம்புகோல்கள். இடக்கை பாரத்தைச் சுற்றவும் முன்னும் பின்னும் நகர்த்தவும் செய்யும். வலக்கை ஏற்றி இறக்கும். கையை விட்டால் நெம்புகோல் தானாக நடுவுக்கு வந்து பாரம் நின்றுவிடும். காலுக்கு வேலையே இல்லை. தண்ணீர் நிரப்பிய பீப்பாயைத் தூக்கி, நட்டு வைத்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து கொண்டுபோய், தரையில் வரைந்த வட்டத்துக்குள் வைக்க வேண்டும். கம்பத்தில் பட்டால் தோல்வி. இரண்டு முறை வாய்ப்பு உண்டு. இரண்டாவதிலும் தவறினால் திரும்பவும் ஸ்டோர்தான். ஸ்டோரோ அந்த மழைக்காலத்தோடு முடியப் போகிறது.

முதல் சோதனையில் கம்பங்களையெல்லாம் அழகாகக் கடந்துவிட்டாள். கடைசியில் வட்டத்துக்கு மேலே நிறுத்த வேண்டிய இடத்தில் பீப்பாய் நிற்காமல் போய்க் கடைசிக் கம்பத்தை அடித்துச் சாய்த்தது. "பயந்துட்டீங்கக்கா" என்றான் தம்பி சார். "சத்தியமா பயப்படல, தம்பி சார். நிறுத்தினேன். அது நிக்கல" என்றாள் அவள். யாரும் நம்பவில்லை.

செய்தி கேட்டதும் சூப்பர்வைசர் அவள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆறுதல் சொல்லப் போவதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பலகை பிழைத்தது என்று உள்ளுக்குள் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

கணவன் நாற்காலியில் இருந்தான். காலர் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளை நெம்புகோல்களாகப் பிடித்துக்கொண்டு, நடந்ததை அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "இப்படி வந்தேன். இங்க திருப்பினேன். இதோ வட்டம். நிறுத்துறேன், பாருங்க, நிறுத்திட்டேன்!"

கரண்டி அவள் கையில் அப்படியே சாய்ந்திருந்தது. துளியும் அசையவில்லை. சூப்பர்வைசரின் கண் பழக்கதோஷத்தில் மேசைக்கு அடியில் போனது. வரிசை வரிசையாகக் கால்களைப் பார்த்தே வேலை வாங்கியவர் அவர். தொழிற்சாலை இயந்திரத்தில் முன்பாதத்தை அழுத்தினால் தையல் ஓடும். குதிகாலை அழுத்தினால் ஊசி நின்று நூல் அறுபடும். காலரின் வலக்குதிகால் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தத்தான் செய்தாள். காலால் நிறுத்திவிட்டு, கையை விட மறந்துபோனாள். அவளுக்கே அது தெரியவில்லை. தையலையே அறியாத தம்பி சாருக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை.

அந்த அறையில் இதை அறிந்தவர் சூப்பர்வைசர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டால் போதும். பலகை அவருடையது, காலரும் மறுபடி அவர் கடைக்கே வருவாள். "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டினார். உள்ளே காலர் மறுபடி, "இதோ வட்டம், நிறுத்துறேன்" என்பது கேட்டது. தரையில் குதிகால் தட்டுகிற சத்தமும் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே திரும்பினார்.

"ஏய், காலரு! கையை விடுடி. கால்ல நிறுத்தினா பீப்பாய் எப்படிடி நிக்கும்?"

காலர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாருடைய காலோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல அதை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை நிறுத்தவில்லை.

பழகிய காலைப் பழக்கத்திலிருந்து பிரிப்பது எளிதாக இல்லை. வழியையும் சூப்பர்வைசரே கண்டுபிடித்தார். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, காலரின் கால்களை அதில் வைக்கச் சொன்னார். கரண்டிகளை மணல் நிரப்பிய டப்பாக்களில் நட்டார். குதிகால் அழுத்தினால் தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தும். சிந்துகிறதா என்று பார்க்கிற வேலை தம்பிக்கு. பக்கவாதத்துக்குப் பிறகு அவன் வாயில் சொற்கள் கூழாகவே வந்தன. ஆனால் சோம்பலுக்கு இடமில்லாத உத்தியோகம் கிடைத்ததும் ஒரு சொல் மட்டும் நாளுக்கு நாள் திருந்தியது. "தண்ணி!" என்பான். சில நாள்களில் அது தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்று ஒலித்தது.

"எனக்குக் கிரேன் வருதோ இல்லையோ, உங்க தம்பிக்குப் பேச்சு வந்துடும்க்கா" என்றாள் காலர், தரையைத் துடைத்தபடி.

"முதல்ல உன் வீட்டுத் தரை சுத்தமாச்சு, அதைச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டாவது சோதனை நாளன்று காற்று பலமாக இருந்தது. வேலிக்கு வெளியே ஸ்டோர் ஆட்களும் மேஸ்திரிகளும் கூடியிருந்தார்கள். தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசரும் வந்திருந்தார். பயிற்சிக் கிரேன் அதிக உயரமில்லை. கூண்டின் அடிப்பக்கம் கண்ணாடி. ஊரே பீப்பாயைப் பார்த்தது. சூப்பர்வைசர் மட்டும் கண்ணாடி வழியே தெரிந்த இரண்டு உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பீப்பாய் மேலே எழுந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. நடுவழியில் காற்று ஓர் அறை விட்டது; பீப்பாய் கம்பத்தை நோக்கி ஆடியது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். இழுத்துப் பிடிப்பாள் என்று தம்பி சார் பல்லைக் கடித்தான். அவள் இழுக்கவில்லை. பாரம் போன பக்கமே கொக்கியையும் கூடவே அனுப்பினாள். ஆட்டம் தானாக அடங்கி, பீப்பாய் கொக்கிக்கு நேர் கீழே வந்து தொங்கியது. வளைந்த துணியை நேரான துணியோடு சேர்த்த அதே போக்கு. சூப்பர்வைசருக்கு அது காலர் பொருத்துவதாகவே தெரிந்தது.

கடைசி வட்டம். கண்ணாடிக்குப் பின்னால் வலக்குதிகால் ஒருமுறை துடித்தது. குதிகால் அந்தரத்திலேயே நின்றது. பாதங்கள் இரண்டும் தளர்ந்து ஓய்ந்தன. பீப்பாய் வட்டத்தின் நடுவில், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல, சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"தண்ணி இல்ல!" என்று தம்பி கத்தினான். இரண்டு சொற்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுத அழுகையில், தோற்றவள் வீட்டார் போலிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் அனுதாபப்பட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் காலர் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் போனாள். முழங்கையில் தழும்பு தந்த மருத்துவமனையின் புதிய மாடிக்கு இரும்புத் தூலங்களை ஏற்றி வைத்தவள் அவள்தான். கணவன் கைத்தடியோடு நடக்கிறான். இப்போது, போதும் நிறுத்து என்று மற்றவர்கள் சொல்லுகிற அளவுக்குப் பேசுகிறான். கடையை விட்டு அவள் ஏன் நின்றாள் என்பதை அவன் மூலமாகத்தான் சூப்பர்வைசர் தெரிந்துகொண்டார். அதற்குமேல் அவரால் அந்தப் பலகையை நிம்மதியாகத் துடைக்க முடியவில்லை. பந்தயத்தைப் பற்றிக் காலர் வாயே திறக்கவில்லை. டீச்சர் மட்டும் ரவிக்கை வாங்க வரும்போதெல்லாம் பலகையை நிமிர்ந்து பார்த்துத் தொண்டையைச் செருமுவார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சூப்பர்வைசர் பழைய பெயின்டரையே வரவழைத்தார். ஏணி போட்டாயிற்று, மஞ்சள் டப்பாவும் திறந்தாயிற்று. காலரைக் கூப்பிட்டனுப்பினார். அவள் காய்கறிப் பையோடு வந்து நின்றாள்.

"எழுத்து மங்கிப்போச்சு. புதுசா எழுதணும். என்ன எழுதறதுன்னு நீயே சொல்லு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காலர் பலகையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். உயரத்திலிருந்து அளவெடுத்துப் பழகிய கண்.

"முதல் எழுத்தோட வால் கோணலா இருக்குக்கா. அதை மட்டும் நேராக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு, சமையல் காத்திருக்கிறது என்று நடந்துபோனாள்.

ஏணியில் நின்ற பெயின்டர் கீழே பார்த்தார். சூப்பர்வைசர், "அவ சொன்ன மாதிரியே எழுதுப்பா" என்றார். வால் நேரானது. பெயர் அப்படியே இருக்கிறது.