அலுமாரிக்குள் பூட்டின பம்ப்

கிளிநொச்சி டவுணில சிவலட்சுமி ரீச்சரைத் தெரியாத ஆக்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில சுகாதாரம் படிப்பிக்கிறவா. ஆஸ்துமா வெட்கப்படுகிற வருத்தமில்லை எண்டு பலகையில வடிவாய் எழுதிப்போட்டு, வீட்டுக்கு வந்து சொந்த மகள் மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுவா. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்!

மகள் கஜனிக்கு எட்டு வயது. மூண்டு வயதிலயிருந்து முட்டு, அதுதான் ஆஸ்துமா. ஆரும் கேட்டால் "சளித் தடிமன்" எண்டுதான் ரீச்சரின்ர மறுமொழி. அஞ்சு வருசமாய் மாறாத தடிமன்!

"பொம்பிளைப் பிள்ளையெல்லே? முட்டுக்காரி எண்டு பேர் வந்தால் நாளைக்கு ஒருத்தன் கேட்டு வருவானோ?" எண்டு புருசன் ராஜரத்தினத்தின்ர வாயை அடைச்சுப்போடுவா. பல்லு விழுந்து முளைக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. அந்த மனிசனும் ஓம் எண்டுபோட்டுப் பேப்பரை விரிக்கும்.

போன வருசம் சுவிசிலயிருந்து வந்த ரீச்சரின்ர தம்பி, வெள்ளைச் சடை நாய்க்குட்டி ஒண்டு வாங்கிக் குடுத்திட்டுப் போனான். பேர் ஸ்னோவி. கொழும்பில பிறந்தது, சேட்டிபிக்கற்றும் இருக்கு. அது சோபாவில இருக்கும், கஜனியின்ர கட்டிலில படுக்கும். வெளி முத்தத்தில கிடந்த ஊர் நாய் வீரன் வாசற்படி ஏறினதே இல்லை.

ஸ்னோவி வந்த பிறகு கஜனிக்கு முட்டுக் கூடினது. டொக்டர் கேட்டார்: "வீட்டில நாய், பூனை இருக்கோ?"

"முத்தத்தில ஒரு ஊர் நாய் நிக்குது டொக்டர்."

"சில பிள்ளையளுக்கு நாயால கூடும். படுக்கிற அறைக்குள்ள விடாதேங்கோ. பம்ப் எப்பவும் கையில இருக்கவேணும்."

அண்டைக்கே வீரனை ஓட்டோவில ஏத்தி அக்கராயன் ஊருக்கு அனுப்பிப்போட்டா ரீச்சர். ஸ்னோவி கட்டிலிலயே கிடந்தது. சேட்டிபிக்கற் இருக்கிற நாயால வருத்தம் வருமோ, சொல்லுங்கோ பாப்பம்?

பிறகு ஸ்னோவிக்கு முதலாம் பிறந்தநாள் வந்தது. சிரிக்காதேங்கோ, கேக் வெட்டினவை! பள்ளிக்கூட ஆக்கள் எல்லாரும் வந்திச்சினம். பள்ளிக்கூட அதிபரின்ர பெண்சாதி இலட்சுமியும் மகன் நிருஷனோட வந்தா. முட்டு விசயம் அவாவின்ர காதில விழுந்தால் பரந்தன் வரைக்கும் கதை போய்ச் சேரும் எண்டு ரீச்சருக்கு நடுக்கம். அதால அலுமாரியை இழுத்துப் பூட்டித் திறப்பைப் புருசனிட்டக் குடுத்திட்டா.

"கஜனி, ஸ்னோவியைத் தூக்கிக் கன்னத்தோட வைச்சுக்கொண்டு நில்லு. மாமாவுக்குப் படம் அனுப்பவேணும்."

பிள்ளை தூக்கிச்சுது. ரெண்டு படம் எடுக்க முந்தியே தோள் ரெண்டும் ஏறி இறங்கத் துவங்கிச்சுது. குசினியில உதவிக்கு நிண்ட சுப்பம்மா ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, புள்ளைக்கு இழுக்குது! பம்ப எடுங்கம்மா!"

ரீச்சர் கண்ணை உருட்டினா. "உனக்கென்ன விசரோ? அது தடிமன்."

கஜனியின்ர உதடு நீலம் பாஞ்சுது. அதுக்குப் பிறகுதான் தாய் ஐயோ எண்டு கத்திக்கொண்டு அறைக்குள்ள ஓடினா. அலுமாரி பூட்டு. திறப்பு ராஜரத்தினத்தின்ர சேட்டுப் பொக்கற்றில. ராஜரத்தினம் சோடா வாங்கக் கடைக்குப் போயிட்டார். பெத்த வயிறெல்லே, ரெண்டு கையாலயும் அலுமாரிக் கதவை அடிச்சு அழுதா. வந்த சனம் முழுக்கப் பாத்தது.

அப்ப இலட்சுமி கைப்பையைத் திறந்தா. பவுடர் டப்பா, சீப்பு, லேஞ்சி எல்லாத்தையும் கொட்டி, அடியில சீலைத்துண்டில சுத்தி வைச்ச நீலப் பம்ப்பை எடுத்துக் கஜனியின்ர வாயில வைச்சு அமத்தினா. திரும்பத் திரும்ப அடிச்சா. மெல்ல மெல்லப் பிள்ளையின்ர முகத்தில நிறம் திரும்பிச்சுது.

"ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ, காட்டத்தான் வேணும்," எண்ட இலட்சுமி, ரீச்சரின்ர காதுக்குள்ள குனிஞ்சா. "நிருஷன்ர பம்ப். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்."

ரீச்சரின்ர மடியில கிடந்த கஜனிக்கு அது கேட்டிட்டுது. மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்:

"அன்ரி, நிருஷனும் கக்கூசுக்குள்ள ஒளிச்சு நிண்டுதானோ பம்ப் அடிக்கிறவன்?"

நிருஷன் தாயைப் பாத்துப்போட்டு, ஓம் எண்டு தலையாட்டினான்.