கருப்பம்மா கேட்ட குக்கர்

கருப்பம்மாவைச் சமையலுக்கு வைக்க வேண்டாம் என்று மேஸ்திரி யூனிஸிடம் சொல்லாத ஆள் இல்லை. சிலோனிலிருந்து வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகாதவள், அவலாஞ்சிக்கு மேலே கூடாரம் போடும் சர்வே ஆட்களுக்குச் சோறாக்கப் போகிறாளாம். அந்த உயரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. முன்னால் போன சமையல்காரர்கள் அரைவேக்காட்டுச் சோறு போட்டே வேலையை இழந்தவர்கள். இவளுக்கும் முதல் சாப்பாடுதான் பரீட்சை. தோற்றால் மறுநாள் ஜீப்பில் கீழே இறங்க வேண்டும். கீழே அவளுக்கு வேறு வேலை எதுவும் காத்திருக்கவில்லை.

மழையில் விறகை நம்ப முடியாது என்று, ஊட்டி பஜாரில் ஒரு குக்கர் வாங்கிவரும்படி யூனிஸிடம் சொல்லியிருந்தாள். கூடாரத்தில் பெட்டியைப் பிரித்தவள் திகைத்துப்போனாள். உள்ளே கனத்த அலுமினியச் சட்டி, பூட்டுகிற மூடி, கூடவே ஒரு சின்னக் குண்டு.

"இது சட்டிங்க தம்பி. நான் கேட்டது குக்கர்."

"இதுதானுங்கக்கா குக்கரு."

அவள் பிறந்த சிலோன் தேயிலைத் தோட்டத்தில் குக்கர் என்றால் மண்ணெண்ணெய் அடுப்பு. யூனிஸுக்கோ, வீட்டில் அவன் மனைவி அமீனா சோறாக்கும் பிரஷர் குக்கர். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசியிருந்தார்கள், அடுப்புதான் வந்து சேரவில்லை. வெளியே அடைமழை. உள்ளே காய்ந்த விறகு ஒரு கைப்பிடி.

கருப்பம்மாவுக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அழவில்லை. அமீனா எப்படிச் சமைப்பாள் என்று யூனிஸைக் குடைந்தெடுத்தாள். அவன் சாப்பிட மட்டும் தெரிந்தவன். தண்ணீர் ஊற்றி, மூடி, குண்டை வைத்தால் அது கத்தும் என்றான். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு, மூடி, சுள்ளிகளைக் கஞ்சத்தனமாகக் கல்லடுப்பில் தள்ளினாள்.

கத்தவும் செய்தது. சர்வே ஆட்கள் அத்தனை பேரும் மழைக்குள் பாய்ந்தார்கள். கருப்பம்மாவுக்கும் ஓடத்தான் தோன்றியது, ஆனால் தானும் ஓடினால் சோற்றை யார் பார்ப்பது என்று உட்கார்ந்தே இருந்தாள்.

விறகு தீர்ந்தது. சத்தம் அடங்கியதும் மூடியைக் கழற்றி, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். மாவாகக் குழைந்தது. தலை துவட்டக்கூட நிற்காமல் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். அந்தக் கூடாரத்தில் முதல்முறையாக மறுசோறு கேட்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஜீப் அவளில்லாமல் கிளம்பியது. அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று யூனிஸ் கேட்டான்.

"ஒரு குக்கர்."

அவன் இப்போது உஷாராகிவிட்டிருந்தான். "எந்தக் குக்கருங்கக்கா?"

"எங்க ஊருக் குக்கர்தான் தம்பி. நம்ம ஊருக் குக்கர்தான் கையில இருக்கே."